தூக்கிவிடுபவன்: பூவம் வட்டார ஸ்குவாடுகளில் ‘சப்போர்ட்’ எனும் பதவி குறித்த ஓர் ஆய்வு

கோலம் முதல் கொழுக்கட்டை வரை எதையும் விட்டுவைக்காத நம் ஆய்வுலகம், நாலு பேர் சேர்ந்து போனில் சண்டை போடும்போது சுடாமல் பின்னால் நின்று மருந்து சுமப்பவனைப் பற்றி மட்டும் ஏனோ மௌனம் சாதித்துவருகிறது. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். நிரம்பாவிட்டால் பழி நெறியாளரைச் சாரும். இக்கட்டுரைக்கு நெறியாளர் கிடையாது.

ஆய்வுக் களம் பூவம். காரைக்கால் மாவட்டத்தின் வட எல்லை ஊர். நண்டலாற்றைத் தாண்டினால் பொறையாறு, தமிழ்நாடு. அதற்கும் அப்பால் தரங்கம்பாடி. இந்தக் களத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அறிவியல் காரணம் ஏதுமில்லை. டீ நன்றாக இருந்தது.

ஆய்வுப் பொருள் பிஜிஎம்ஐ எனும் போன் துப்பாக்கிச் சண்டை ஆட்டம். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டதும், 2021 ஜூலை 2-இல் அது பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்ததும், 2022 ஜூலை 28-இல் அதுவும் காணாமல் போனதும், 2023 மே மாதம் மறுபடி தலைகாட்டியதும் நாடறிந்தவை. வரலாற்றாசிரியர்கள் இதைக் காலவரிசை என்பார்கள். பையன்கள் ‘நெட் பேக் தண்டமாப் போன காலம்’ என்பார்கள்.

இனி ஆய்வுச் சிக்கல். ஒரு ஸ்குவாடில் நால்வர். யார் சப்போர்ட் என்பது எப்படி முடிவாகிறது? பொறுமைசாலி, தன்னலமற்றவன், களத்தை மொத்தமாகப் பார்க்கத் தெரிந்தவன் என்று விளையாட்டு வழிகாட்டிகள் இலக்கணம் சொல்லும். களத்தில் கண்டது வேறு. யாருடைய போனில் ரேம் குறைவோ, யாருடைய போன் பத்தாவது நிமிடத்தில் தோசைக்கல்லாய்ச் சூடேறுகிறதோ, அவனே சப்போர்ட். நேருக்கு நேர் சண்டையில் அவன் திரை ஒரு நொடி உறைந்து நிற்கும். உருகி முடிப்பதற்குள் அவன் செத்திருப்பான். ஆகவே, “நீ பின்னாடியே வாடா, ஸ்மோக் மட்டும் பொறுக்கி வச்சுக்க” என்று பதவிப் பிரமாணம் செய்துவைக்கப்படுகிறது. போன்கள் சமமாக இருந்தால் வயது பேசும்: பெரியப்பா மகன் முன்னால் ஓடுவான், சித்தப்பா மகன் மருந்துப் பை தூக்குவான். ஒரே விதிவிலக்கு, ஹாட்ஸ்பாட் கொடுப்பவன். அவன் சுவரைப் பார்த்துச் சுட்டாலும் அவன்தான் கேப்டன். இதை மறுக்கும் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

பதவியின் கடமையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முன்னால் ஓடிய அண்ணன் ‘நாக்’ ஆகி மண்டியிட்டுத் தவழ்கிறான். “டேய் ரிவைவ் குடுறா, ரிவைவ், ரிவைவ்!” என்று பேருந்து நிறுத்தமே திரும்பிப் பார்க்கும்படி அலறுகிறான். தம்பி உடனே ஓடக் கூடாது. முதலில் ஸ்மோக்; ஒன்று போதாது, எதிரி நிற்கும் பக்கம் இன்னொன்று. புகை விரிந்து அடர்வதற்குச் சில நொடிகள் பிடிக்கும். அந்த நொடிகளில் அண்ணன் வாயிலிருந்து வருவதை ஆய்வேட்டில் பதிய இயலாது. பிறகு குனிந்து ஓடி, பக்கத்தில் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினால் 10 நொடி. அந்தப் பத்து நொடியும் கையில் துப்பாக்கி இல்லை. எழுந்தவனுக்கு உயிர் ஒரு கீற்றுதான் இருக்கும். ஃபர்ஸ்ட் எய்ட் முக்கால் பங்கு வரை ஏற்றும், அதற்கு மேல் ஏற்றாது. மீதிக்கு எனர்ஜி டிரிங்க். எல்லாம் யார் பையிலிருந்து? எழுந்ததும் அண்ணன் சொல்லும் முதல் வாக்கியம் நன்றி அல்ல: “ஏண்டா இவ்வளவு லேட்டு?”

அடிபட்டவனைப் புகை போட்டுக் காக்கும் இம்மரபு, ஆட்டத்தோடு சேர்ந்து கொரியாவிலிருந்து வந்தது என்பாரும் உளர். அவர்கள் புறநானூறு படிக்காதவர்கள். 281-ஆம் பாடலில் போரில் புண்பட்டுக் கிடப்பவனைக் காக்கத் தோழியை அழைக்கிறாள் ஒருத்தி: வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, மணி அடித்து, வீடு முழுக்க நறும்புகை எழுப்பிக் காப்போம் என்கிறாள். அடிபட்டவனைச் சுற்றிப் புகை போடு என்பது ஈராயிரம் ஆண்டுப் பழைய விதி. பாடியவர் அரிசில் கிழார். அரசலாறு காரைக்காலில்தான் கடலில் கலக்கிறது. பெயர் ஒற்றுமை ஒன்றை வைத்துக்கொண்டு புலவரை எங்கள் மாவட்டத்துக்கு இழுத்துக்கொள்வது ஆய்வு நேர்மையா என்று கேட்கக் கூடாது. போலி ஆய்வாளனுக்கு இதைவிடக் குறைந்த சான்றே போதும். தொல்காப்பியத்திலோ, காக்க ஆளின்றிக் கிடக்கும் வீரனைப் பேய் காத்து நிற்கும் துறையும் உண்டு. பேய் வடிவம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையாரின் ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பில்லை.

அயல்நாட்டுச் சான்றும் அருகிலேயே கிடைக்கிறது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர்கள் வசம் இருந்தது. அதே டென்மார்க்கின் ஜோஹன் சுண்ட்ஸ்டைன், நோட்டெயில் என்ற பெயரில் டோட்டா 2 ஆடியவர். அந்த ஆட்டத்தில் ஐவருக்கும் 1 முதல் 5 வரை எண் உண்டு. தங்கத்தில் முதல் உரிமை ஒன்றுக்கு, மிச்சம் மீதி ஐந்துக்கு. நோட்டெயில் ஐந்தாம் எண். இருட்டில் எதிரி நடமாட்டம் தெரிய வார்டு நட்டுவைப்பதும், மற்றவன் பிழைக்கத் தான் சாவதும் ஐந்தின் வேலை. அவர் தலைமையில் ஓஜி அணி 2018-இல் வான்கூவரிலும் 2019-இல் ஷாங்காயிலும் ‘தி இன்டர்நேஷனல்’ கோப்பையை அடுத்தடுத்து வென்றது. முதல் முறை பரிசு சுமார் 1.12 கோடி டாலர், அடுத்த முறை சுமார் 1.56 கோடி. அணியில் கடைசிப் பங்கு வாங்குபவன் உலக மின்விளையாட்டில் அதிகம் சம்பாதித்தவர்கள் வரிசையின் உச்சிக்குப் போனான். இதைப் பூவத்தில் எடுத்துச் சொன்னபோது கிடைத்த பதில்: “அவன் போன் எவ்வளவுண்ணே?” கணினியில் ஆடுகிற ஆட்டம் என்று விளக்கியும் பயனில்லை.

கணக்கும் சப்போர்ட் பக்கமே சாய்கிறது. பிஜிஎம்ஐ போட்டிகளில் இப்போது பரவலாக உள்ள முறைப்படி ஒரு ஃபினிஷுக்கு, அதாவது ஒருவரைக் கொன்றால், 1 புள்ளி; முதலிடத்துக்கு 10. புகைக்குள்ளேயே ஒளிந்து, ஒருவரையும் கொல்லாமல் கடைசிவரை நின்று ஜெயித்த அணியும், பத்துப் பேரைச் சாய்த்துவிட்டுப் பாதியில் செத்து இடப்புள்ளி எதுவும் வாங்காத அணியும் சமம். ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கப்படுவது ஃபினிஷ் எண்ணிக்கை மட்டுமே. எத்தனை பேரைத் தூக்கிவிட்டான் என்பதும் முடிவுப் பக்கத்தில் இருக்கிறது. அதுவரை விரலைத் தள்ளிக்கொண்டு போக யாருக்கும் பொறுமையில்லை.

எனவே பூவம், பொறையாறு வட்டார அண்ணன்மார்களுக்கு இவ்வாய்வின் ஒரே பரிந்துரை: அடுத்த மேட்சில் மூன்றாம் லெவல் வெஸ்ட் (மார்புக் கவசம்) கிடைத்தால் அதைத் தம்பிக்குக் கொடுங்கள். உங்களை எழுப்ப அவன் உயிரோடு இருக்க வேண்டும்.