பணியில் சேராத ரேடார்

இத்தாலியின் மிலான் நகரத்து லினாட்டே விமான நிலையத்துக்குப் புதிதாக ஒரு தரை ரேடார் வாங்கினார்கள். எந்த விமானம் எந்தப் பாதையில் ஊர்கிறது என்பதை அடர்பனியிலும் டவரில் இருப்பவருக்குக் காட்டிக்கொடுக்கும் கருவி. சரக்கு வந்து இறங்கியது. பழைய ரேடாருக்கு ஓய்வும் கொடுத்தாயிற்று. புதியது மட்டும், நியமன உத்தரவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பணியில் சேராத ஊழியரைப் போல, வருஷக்கணக்கில் முழுசாகப் பொருத்தப்படாமலே கிடந்தது. போ ஆற்றுச் சமவெளியின் பனி ஊரறிந்த சங்கதி. கோப்பு நகரும்வரை பொறுத்திருக்கும் வழக்கம் அதற்குக் கிடையாது.

ரேடார் இல்லாவிட்டால் என்ன, அலாரம் இருந்திருக்குமே என்பீர்கள். இருந்தது. அனுமதி இல்லாமல் ஓடுபாதைக்குள் யாராவது நுழைந்தால் உணர்ந்து கத்துகிற ஏற்பாடு. ஆனால் பாவம், அது கடமை உணர்ச்சி மிகுந்த அலாரம். வண்டி போனாலும் கத்தியது, பிராணி ஓடினாலும் கத்தியது. பெரிய மனிதர்கள் கூடி யோசித்திருப்பார்கள். கத்தலைத் திருத்துவதா, கத்துவதை நிறுத்துவதா? இரண்டாவது சுலபம். அணைத்துவிட்டார்கள். அதன்பின் லினாட்டேயில் பொய் அலாரம் ஒன்றுகூட அடிக்கவில்லை. நிஜ அலாரமும் அடிக்கவில்லை.

அலாரமும் இல்லாவிட்டால் போகிறது, தரையில் பெயின்ட் அடித்த எழுத்தும் ஓரத்தில் வழிகாட்டிப் பலகையும் இருக்குமே என்பீர்கள். இருந்தன. சில தேய்ந்திருந்தன, சில மறைந்திருந்தன, சில எதைச் சொல்கின்றன என்று பார்ப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. விதிமுறைக்கு உட்பட்டவை அல்ல அவை என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். நம் அரசாங்கங்களும் அவர்கள் அரசாங்கங்களும் ஒற்றுமையாக இருக்கிற இடம் இந்தப் ‘பிற்பாடு’தான்.

2001 அக்டோபர் 8, திங்கள்கிழமை. காலை எட்டு மணிக்குப் பார்வைத் தூரம் ஏறத்தாழ 200 மீட்டர். இரண்டு விமானிகளும் இரண்டு பயணிகளுமாக ஒரு சின்ன செஸ்னா ஜெட் பாரிஸுக்குக் கிளம்பத் தயாரானது. அந்த மாதிரிப் பனியில் விமானம் ஓட்டுவதற்கான தகுதிச் சான்று அந்த விமானிகளிடம் இல்லை. இருக்கிறதா என்று கேட்கவும் ஆள் இல்லை. இன்னொரு பக்கம் ஸ்கேண்டிநேவியன் ஏர்லைன்ஸின் எம்டி-87 விமானம், 110 பேரோடு கோபன்ஹேகனுக்குப் புறப்படக் காத்திருந்தது.

தரைக் கட்டுப்பாட்டாளர் செஸ்னாவிடம் ஆர்5 என்ற பாதை வழியாக வடக்கே போகச் சொன்னார். சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வது வானொலி மரபு. விமானி திருப்பிச் சொன்னார். ஆர்5 வந்தது, வடக்கு வரவில்லை. ஒரு திசையே காணாமல் போனதைக் கேட்டவர் கவனிக்கவில்லை. செஸ்னா ஆர்5-ஐ விட்டு ஆர்6-ல் திரும்பியது. ஆர்5 சுற்றிக்கொண்டு போகும் பாதை. ஆர்6 நேரே ஓடுபாதையைக் குறுக்கே வெட்டும்.

இதோடு முடிந்திருந்தால் அது இரண்டு பேருடைய கவனப் பிசகு. முடியவில்லை. போகும் வழியில் தரையில் ‘எஸ்4’ என்று எழுதியிருந்ததை அந்த விமானி பார்த்தார். ஒழுக்கமான மனிதர், எஸ்4-ஐ நெருங்குகிறேன் என்று டவருக்குச் சொன்னார். வழி தவறியவர் தான் நிற்கும் இடத்தைச் சரியாகவே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் 118 உயிர் இருந்தது.

கட்டுப்பாட்டாளருக்கு எஸ்4 என்றால் என்னவென்று தெரியாது. அவர் கையில் இருந்த வரைபடத்தில் அப்படி ஓர் இடமே இல்லை. தரையில் பெயின்ட் அடித்த துறைக்கும் வரைபடம் அச்சடித்த துறைக்கும் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில், நடுவில் ஒரு மனிதரை மைக்கோடு உட்கார வைத்திருந்தார்கள். விமானம் வடக்குப் பக்கம் பத்திரமாக இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார், மேலே போகலாம் என்றார். செஸ்னா மேலே போனது.

எட்டு மணி பத்து நிமிடம். முழு வேகத்தில் மேலெழும்பத் தொடங்கிய எம்டி-87, ஓடுபாதையின் நடுவே வந்துவிட்ட செஸ்னாவின் மேல் மோதியது. வலது இன்ஜின் பிய்ந்து விழுந்தது. சில விநாடி காற்றில் நின்ற விமானம் மறுபடி தரையில் இறங்கி, ஓடுபாதையின் கடைசியில் இருந்த பயணப்பெட்டிக் கட்டடத்துக்குள் பாய்ந்தது. இரண்டு விமானங்களிலும் இருந்த 114 பேரும், கட்டடத்துக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த 4 தொழிலாளர்களும் இறந்தார்கள். டவருக்கு என்ன நடந்தது என்று புரியவே பல நிமிடம் ஆயிற்று. பார்க்க ரேடார் இல்லையே. ஒரு விமான நிலையம் தன் ஓடுபாதையிலேயே எரிந்துகொண்டிருந்த விமானத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கட்டுப்பாட்டாளர் குற்றமற்றவர் என்று வாதாட வரவில்லை. புரியாத பெயர் காதில் விழுந்தபோது, இருக்கும் இடம் தெளிவாகும்வரை அந்த விமானத்தை அசையவிடாமல் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாதது அவர் தவறு. ஆனால் அவர் பிழை செய்தால் தாங்கிப் பிடிப்பதற்கென்று வைத்த அத்தனை வலைகளையும் அதற்கு முன்பே ஒவ்வொன்றாக அறுத்துவைத்தவர்கள் யார்? அவர்கள் அன்று காலை எந்தப் பனியிலும் இல்லை. சூடான காபியோடு அலுவலகத்தில் இருந்தார்கள்.

வழக்கு நடந்தது. 2004-ல் மிலான் நீதிமன்றம் விமான நிலைய இயக்குநருக்கும் அந்தக் கட்டுப்பாட்டாளருக்கும் தலா 8 ஆண்டு, இன்னும் இருவருக்கு ஆறரை ஆண்டு என்று தண்டனை கொடுத்தது. அதிசயமாக மேல்மட்டம்வரை கை நீண்டிருக்கிறதே என்று ஆச்சரியப்படுவதற்குள் மேல்முறையீடு வந்தது. 2006-ல் விமான நிலையத்தை நடத்திய நிர்வாகிகள் இருவர் விடுதலை. கட்டுப்பாட்டாளருக்குத் தண்டனை குறைந்தது, குற்றம் கழியவில்லை. வான்போக்குவரத்து அமைப்பின் அதிகாரிகள் சிலர் மீதான தீர்ப்பும் நின்றது. ஆனால் அதே ஆண்டு நாடாளுமன்றம் போட்ட பொதுமன்னிப்புச் சட்டம் எல்லோருக்கும் 3 ஆண்டைத் தள்ளுபடி செய்தது. ஆடி மாதத்து ஜவுளிக்கடைகூட இவ்வளவு தாராளம் காட்டாது.

ரேடார் என்ன ஆயிற்று? கடைசியில் அதுவும் பணியில் சேர்ந்தது. விபத்து நடந்து சில மாதங்களிலேயே. வருஷக்கணக்கில் முடியாத வேலையைச் சில மாதத்தில் முடித்துக்காட்டிய நிர்வாகத் திறமையை எப்படிப் புகழ்வது என்று தெரியவில்லை. அத்தனை வருஷமும் தடையாக இருந்தது தொழில்நுட்பமா, நிதியா, டெண்டரா என்று இனிமேல் யாரும் மெனக்கெட வேண்டாம். குறைவாக இருந்தது பிணங்கள்தான்.

முன் அனுபவம் இல்லாமல் போயிற்றோ என்று இரக்கப்படவும் வழியில்லை. 1977 மார்ச் 27-ல் கேனரித் தீவுகளில், டெனெரிஃபேயின் லோஸ் ரோதேயோஸ் விமான நிலையத்தில் கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அங்கேயும் பனி. அங்கேயும் தரை ரேடார் இல்லை. பொறுங்கள், கூப்பிடுகிறேன் என்று டவர் கேஎல்எம் விமானத்துக்குச் சொன்ன அதே கணத்தில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானமும் பேசியது. ஒரே அலைவரிசையில் இரண்டு குரல். புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்த கேஎல்எம் விமானிகளின் காதில் விழுந்தது ஒரு கீச்சொலி. அதன்பிறகு, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறு எப்போதும் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை உச்சரிக்கக்கூடாது என்று உலகம் முழுக்க விதி வந்தது. நல்ல விதிதான். சொல்லைத் திருத்துவதற்குச் சுற்றறிக்கை போதும். கருவி வாங்கிப் பொருத்தத்தான் காசு வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். 1996 நவம்பர் 12-ல் தில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி வயல்களின் மேல் சவூதி விமானமும் கஸக்ஸ்தான் விமானமும் வானிலேயே மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்கவேண்டிய கஸக் விமானம் 14,000 அடிக்கு இறங்கிவிட்டது. டவரோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த அதன் வானொலி ஊழியர் முன்னால் உயரம் காட்டும் கருவிகூட இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கவேண்டும். அவர்கள் பிழை அது. ஆனால் தில்லி கட்டுப்பாட்டாளரின் திரையில் விமானம் புள்ளியாகத் தெரியுமே தவிர எந்த உயரத்தில் பறக்கிறது என்று தெரியாது. உயரம் காட்டும் ரேடார் அப்போது அங்கே இயங்கவில்லை. வருகிற விமானத்துக்கும் போகிற விமானத்துக்கும் ஒரே வழி. ஒரு நாட்டின் தலைநகரம், ஒற்றையடிப் பாதை! வழியைப் பிரித்தார்கள், கருவிகளைக் கட்டாயமாக்கினார்கள். எப்போது? விசாரணை முடிந்த பிற்பாடு.

ஜப்பான்காரர்கள் ஒழுங்கானவர்கள், அங்கே இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு 2024 ஜனவரி 2. நோட்டோ நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிய கடலோரக் காவல்படை விமானம், ஹானெடா விமான நிலையத்தில் காத்திருக்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஓடுபாதைக்குள் வந்து நின்றது. வரிசையில் நீங்கள் முதலாவது என்று டவர் சொன்னதை, புறப்படலாம் என்று அதன் தலைமை விமானி எடுத்துக்கொண்டார். பின்னால் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தின் 379 பேரும், பணிப்பெண்கள் உள்ளிட்ட ஊழியர்களின் சாமர்த்தியத்தால் தப்பினார்கள். காவல்படை விமானத்தில் 5 பேர் இறந்தார்கள். ‘நில்’ என்று சிவப்பாக எரியும் தரைவிளக்குகள் டிசம்பர் கடைசி வாரத்திலிருந்தே பராமரிப்பில். பனி இல்லாத இரவில் எப்படியும் அவற்றை எரியவிடுவதில்லையாம். டவரின் திரை மட்டும் விசுவாசமாக நிறம் மாறி எச்சரித்துக்கொண்டிருந்தது. எந்நேரமும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யாருக்கும் உத்தரவு இல்லை. விபத்து நடந்த நான்காம் நாள், திரையைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆளைப் போட்டார்கள். ஒரு நாற்காலி, ஒரு ஆள். விலை, ஐந்து சவம்.

2025 ஜனவரி 29, வாஷிங்டன். பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் பலி. ஹெலிகாப்டருக்கும் விமானத்துக்குமான இரண்டு இருக்கை வேலையை அன்றிரவு டவரில் ஒருவரே பார்த்தார். டவர் சொன்னதில் சில சொற்கள் ஹெலிகாப்டரின் காதுக்குப் போகாமல் இருந்திருக்கலாம் என்றார்கள் விசாரணையாளர்கள். அதே நொடியில் ஹெலிகாப்டரில் இருந்தவர்களும் மைக்கை அழுத்தியிருந்தார்கள். டெனெரிஃபே நடந்து ஏறத்தாழ 48 வருஷம் கழித்தும் அதே அலைவரிசை, அதே இரண்டு குரல். வாஷிங்டனின் அந்த விமான நிலையத்தைச் சுற்றி விமானமும் ஹெலிகாப்டரும் ஒரு கடல் மைலுக்குள்ளும் 400 அடி உயரத்துக்குள்ளும் நெருங்கியது, 2021 அக்டோபரிலிருந்து 2024 டிசம்பர்வரை 15,214 முறை. ஒவ்வொன்றும் கணினியில் பத்திரமாகப் பதிவாகியிருந்தது. பதிவு செய்வதோடு கடமை முடிந்தது என்று எந்தக் குமாஸ்தா கற்றுக்கொடுத்தாரோ!

இத்தனைக்கும் நடுவே நம் மும்பையில் 2024 ஜூன் 8-ல் ஒரே ஓடுபாதையில் ஒரு விமானம் எழும்பிக்கொண்டிருக்க, இன்னொன்று பின்னாலேயே வந்து இறங்கியது. காணொளியைப் பார்த்து ஊரே பதறியது. உடனடி நடவடிக்கை என்ன தெரியுமா? கட்டுப்பாட்டாளரைப் பணியிலிருந்து விலக்கிவைத்தார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார்கோயில் ஆண்டி.

அறிக்கை எழுதும் கனவான்களே, ‘மனிதத் தவறு’ என்று எழுதுங்கள், ஆட்சேபமில்லை. ஆனால் மனிதர்களை முழுசாக எண்ணுங்கள். ஹெட்செட் மாட்டியவர் மட்டும்தான் மனிதரா? ரேடார் கோப்பை மேஜையில் அடைகாத்தவர், அலாரத்தை அணைக்கச் சொன்னவர், வரைபடத்தைத் தரையோடு ஒப்பிட்டுப் பார்க்காதவர், இரண்டு இருக்கைக்கு ஒரு சம்பளம் போதும் என்று கணக்குப் போட்டவர், 15,214 பதிவையும் படிக்காமல் அடுக்கியவர், இவர்களெல்லாம் எந்த இனம்? விமானியின் பேச்சு விநாடி சுத்தமாகக் கறுப்புப் பெட்டியில் இருக்கிறது. டவரின் பேச்சு நாடாவில் இருக்கிறது. அலாரத்தை அணைக்கலாம் என்று முடிவெடுத்த கூட்டத்தின் பேச்சு எந்தப் பெட்டியில் இருக்கிறது?

எளிய யோசனை ஒன்று. எரியாத விளக்கு, ஓடாத ரேடார், அணைத்த அலாரம், ஆள் இல்லாத நாற்காலி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பலகை வையுங்கள். இன்ன தேதியிலிருந்து வேலை செய்யவில்லை. பொறுப்பு அதிகாரி இன்னார். அவருடைய தொலைபேசி எண் இது. பயணிகள் விமானத்தில் ஏறுமுன் படித்துவிட்டு ஏறட்டும். தேய்ந்தால் புது பெயின்ட் அடிக்கட்டும். செலவு சொற்பம், வெளிநாட்டு டெண்டர் வேண்டாம், பொருத்துவதற்கு ஒரு மணி நேரம் போதும். ஆனாலும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: உலகத்தில் எந்த விமான நிலையத்திலும் இந்தப் பலகைக்கு மட்டும் நிதி ஒதுக்கீடு கிடைக்காது.