புகை வராத பொழுதுபோக்கு

என் இணையதளத்தில் இருக்கும் கட்டுரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுக்கு அலங்காரம் செய்யும் ஸ்டைல் ஷீட்டைக் கடைசி வரி வரை உருட்டிப் பார்த்தால் விரலே வலிக்கும். எலெக்ட்ரானிக்ஸும் புரோகிராமிங்கும் எனக்குப் பொழுதுபோக்கு. தெரிந்ததைத் தமிழில் எழுதி வைப்போமே என்றுதான் தளத்தை ஆரம்பித்தேன். மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் ஆர்டுயினோ கருவி பற்றிய கட்டுரை பல மாதங்களாகப் பாதியில் நிற்கிறது. அந்தப் பக்கத்தில் வரும் பெட்டிக்கு மூலை வட்டமாக இருக்கவேண்டுமா, கூராக இருக்கவேண்டுமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

"ஏங்க, மேல தண்ணி வழியுது. அந்த சென்சர் என்னதான் ஆச்சு?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

"சென்சர் ரெடிம்மா. பார்டர்தான் சரியா வரல."

எந்த பார்டர் என்று அவள் கேட்பதில்லை. சேலை விஷயமாக இருக்காது என்று மட்டும் தெரியும். போய் மோட்டார் சுவிட்சைத் தானே அணைத்துவிட்டு வருவாள்.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்துப் பார்த்தேன். மற்ற வேலைகளில் தப்பு செய்தால் புகை வரும். இந்த ஸ்டைல் ஷீட் வேலையில் வராது. அவ்வளவுதான் காரணம்.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும். அப்புறம் உப்பும். அப்புறம் 'டப்'பென்று மண்டை பிளந்து வீடு முழுக்க நாறும். ரெசிஸ்டர் வைக்காமல் எல்இடிக்கு 9 வோல்ட் பேட்டரியை நேரே கொடுத்தால் ஒரு கணம் பிரமாதமாகச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிவிடும். சால்டரிங் இரும்பு பிடித்தவர்களிடையே பழைய ஜோக் ஒன்று உண்டு. ஐ.சி.க்குள் அடைத்து வைத்திருப்பதே புகைதானாம். அது வெளியே போய்விட்டால் அப்புறம் ஐ.சி. வேலை செய்யாதாம். புகை போன ஐ.சி.யைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ரிச்சி தெருவுக்குப் போய் நெரிசலில் நசுங்கிப் புதிது வாங்கி வருவோம். ஆனால் எங்கே தப்பு என்று தெரிந்துவிடும்.

புரோகிராமும் அந்த விஷயத்தில் யோக்கியம்தான். சி மொழியில் ஓர் அரைப்புள்ளியை விட்டால் கம்பைலர் வரி எண்ணோடு வந்து நிற்கும். பல நேரம் அடுத்த வரியின் எண்ணைச் சொல்லும் என்றாலும், சொல்லவாவது சொல்லும்.

ஸ்டைல் ஷீட்டை எழுதும் மொழியான சி.எஸ்.எஸ். வாயே திறக்காது. கட்டளையின் பெயரைத் தப்பாக எழுதுங்கள், இல்லாத நிறத்தைக் கேளுங்கள், பிரவுசர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். நடுவில் அரைப்புள்ளியை விட்டால் அடுத்த வரியையும் சேர்த்து விழுங்கிவிட்டு, பச்சைப் பிள்ளை முகத்தோடு பக்கத்தைக் காட்டும். இது கோளாறில்லை, தெரிந்தே செய்த ஏற்பாடு. ஹோகன் வியூம் லீ செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது 1994 அக்டோபரில் இந்த மொழிக்கான யோசனையை முன்வைத்தார். 1996 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. பின்னால் புதுப்புது வசதிகள் சேரும், பழைய பிரவுசர்களுக்கு அவை புரியாது, புரியாததை விட்டுவிட்டுப் புரிந்ததைக் காட்டட்டும் என்ற பெருந்தன்மை. அந்தப் புண்ணியத்தில்தான் அந்தக் காலத்துப் பக்கங்கள் இன்றைக்கும் திறக்கின்றன.

ஆனால் தப்பென்று சொல்ல ஆளில்லாத இடத்தில் போதுமென்று சொல்லவும் ஆளில்லை. எல்இடி எரிந்துவிட்டால் சர்க்யூட் முடிந்தது, கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போகலாம். பேடிங் 16 பிக்சல் சரியா, 18 பிக்சல் சரியா என்று அளந்து சொல்ல எந்த மல்டிமீட்டரும் இல்லை. சோறு ஆறிப்போகும்.

நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் சுமார் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள் கிடைக்கின்றன. அத்தனையையும் விட்டுவிட்டு, தளம் வைத்திருக்கிறவர்கள் கடைசியில் வந்து சேர்வது சாம்பலுக்கு. கன்னங்கரேலென்று எழுதினால் நாட்டுப்புறம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். என் தளத்திலும் வெள்ளைப் பின்னணியில் நாசூக்கான சாம்பல் எழுத்துதான் இருந்தது.

அந்தச் சாம்பலிலும் ஒரு கூத்து உண்டு. சி.எஸ்.எஸ்.ஸில் நிறங்களை எண்ணாலும் சொல்லலாம், பெயராலும் சொல்லலாம். 'கிரே' என்று ஒரு நிறம், 'டார்க்கிரே' என்று ஒரு நிறம். எது அதிகக் கறுப்பு என்று கேட்டால் டார்க்கிரே என்பீர்கள். கிடையாது. அதுதான் வெளுப்பு. கிரே, எச்டிஎம்எல்லின் பழைய 16 நிறங்களில் ஒன்று. டார்க்கிரே, யுனிக்ஸ் கணினிகளில் ஓடிய எக்ஸ்11 பட்டியலிலிருந்து வந்தது. அந்தப் பட்டியலில் இருந்த கிரே இன்னும் வெளுப்பு என்பதால் அங்கே வரிசை ஒழுங்காகத்தான் இருந்தது. இரண்டு குடும்பத்தையும் ஒரே வீட்டில் குடிவைத்தபோது தம்பி அண்ணனைவிட மூத்தவனாகிவிட்டான். இதைக் கண்டுபிடித்து ரசித்து முடிப்பதற்குள் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

சாம்பலுக்கு முடிவு கட்டியவர் என் மாமனார். மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃபோனைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மாப்ள, இங்க் தீர்ந்துபோச்சா?"

"இது ஃபோன் மாமா. இங்க் கிடையாது."

"அப்புறம் ஏன் இப்படி மங்கிக் கெடக்கு? ராத்திரில டார்ச் அடிச்சுக் கம்பத்து நம்பர் படிச்சவன் நான். எனக்கே தெரியலையே."

நான் விளக்கினேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு சொல்கிறது. வெள்ளையில் கறுப்பு என்றால் 21-க்கு 1. என் சாம்பலின் எண் 808080, விகிதம் 4-ஐக்கூடத் தொடவில்லை. அதையே 767676 ஆக்கினால் மயிரிழையில் பாஸ். இப்படிப் பின்னங்களோடு நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி மாப்ள. கறுப்பு ஸ்டாக் இல்லையா உங்ககிட்ட?"

கறுப்பு வந்தது. அடுத்த சோதனை தமிழ். ஸ்டைல் ஷீட்டின் பழக்கங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தோடு வளர்ந்தவை. தலைப்பைப் பெரிய எழுத்தாக்கு என்று ஒரு கட்டளை உண்டு. தமிழ் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது, நம்மிடம் பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதமே இல்லையே! சாய்வெழுத்து கேட்டால், பெரும்பாலான தமிழ் ஃபாண்டுகளில் சாய்ந்த வடிவம் கிடையாது என்பதால் நேர் எழுத்தையே பிரவுசர் பிடித்துத் தள்ளிச் சாய்க்கும். அப்படித் தள்ளப்பட்ட 'ஞ'வைத் தூக்கி நிறுத்த இரண்டு ஆள் வேண்டும். ஆங்கிலத் தளத்தில் அழகாக இருக்கிறதே என்று வரி இடைவெளியை அங்கிருந்து அப்படியே எடுத்துப் போட்டால் மேல் வரி 'மூ'வின் கால், கீழ் வரி 'கீ'யின் தலையில் மிதிக்கும்.

இதையெல்லாம்விடக் கொடுமை, பத்தியை இரண்டு ஓரமும் நேராக நிறுத்தும் ஆசை. புத்தகத்தில் பார்த்தால் எவ்வளவு கம்பீரம்! ஃபோனின் அகலத்தில் 'பொருத்தப்பட்டிருக்கவேண்டியதில்லை' என்று ஒரு சொல் வந்தால் வரி முழுவதையும் அது ஒன்றே எடுத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களும் ஆளுக்கொரு ஓரமாக ஒதுங்கி நிற்கும். இடையில் இருக்கும் இடத்தில் ஒரு ரெசிஸ்டரையே சால்டர் பண்ணலாம்.

இந்த மாதிரி நேரங்களில் நான் மேசையிலிருக்கும் 16-க்கு 2 எல்சிடியைப் பொறாமையோடு பார்ப்பேன். ஹிட்டாச்சியின் எச்டி44780 சிப்பின் வழியில் வந்த திரை அது. இரண்டே வரி, வரிக்கு 16 கட்டம். தமிழ் தெரியாது. வேண்டுமானால் 5-க்கு 8 புள்ளியில் நாமே எழுத்து வரைந்துகொள்ளலாம், அதுவும் ஒரு நேரத்தில் எட்டுதான். அதில் 'தண்ணீர்' என்று காட்டப் போனேன். 'த' ஒருவாறு உட்கார்ந்தது. ஐந்து புள்ளி அகலத்தில் மூன்று சுழி 'ண'வுக்குச் சுழிக்க எங்கே இடம்? இரண்டு கட்டத்தை ஒட்டி வரைந்தால் நடுவில் இருக்கும் இடைவெளி ணகரத்தை இரண்டாகப் பிளந்துவிடும். முக்கால் மணி நேரம் போராடிவிட்டு, வெறும் கறுப்புக் கட்டங்களால் மட்டத்தைக் காட்டினேன். வேலை முடிந்தது. ஃபாண்ட் இல்லை, நிறம் இல்லை, மூலை இல்லை. அன்றைக்கு நேரத்தோடு சாப்பிட்டேன்.

தளத்தின் கதை அப்படி முடியவில்லை. அக்கா மகன் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன், "மாமா, நைட்ல உங்க சைட் கண்ணைக் குத்துது. டார்க் மோட் போட்டுடறேன்" என்று லேப்டாப்பை வாங்கிக்கொண்டான். தட்டியது ஒரே வரி. வெளிச்சத்தையும் நிறத்தையும் தலைகீழாக்கு, பிறகு நிறச் சக்கரத்தை மட்டும் 180 பாகை திருப்பி நிறத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவா என்பது அதன் அர்த்தம். வெள்ளைப் பக்கம் கறுப்பானது, சிவப்பு சிவப்பு மாதிரியே இருந்தது, நீலம் நீலம் மாதிரியே இருந்தது. பயலைத் தட்டிக்கொடுக்கக் கையை எடுத்தபோதுதான் சர்க்யூட் படம் கண்ணில் பட்டது.

ஆர்டுயினோவில் பட்டன் இணைக்கும் படம். அதில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பட்டைகள் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. பழுப்பு 1, கறுப்பு 0, ஆரஞ்சு என்றால் பின்னால் மூன்று சைபர். டார்க் மோடில் கறுப்பு வெள்ளையாகிவிட்டது, அதாவது 0 என்பது 9. பழுப்பு என்பது நிஜத்தில் மங்கிய ஆரஞ்சுதான். எனவே வெளிச்சத்தைத் தலைகீழாக்கியதும் பழுப்பு ஆரஞ்சாகவும் ஆரஞ்சு பழுப்பாகவும் இடம் மாறிவிட்டன. இப்போது படத்தில் இருந்தது ஆரஞ்சு, வெள்ளை, பழுப்பு. 39, அதற்குப் பின்னால் ஒரு சைபர். 390 ஓம்.

ஏதாவது இல்லாத மதிப்பு வந்திருந்தால் வாசகர் சந்தேகப்படுவார். 390 ஓம் எல்லாக் கடையிலும் டப்பாவில் குவித்து வைத்திருக்கிற சரக்கு.

"கடையில கிடைக்குமில்ல மாமா?"

"கிடைக்கும்."

"போட்டா பட்டன் வேலை செய்யுமில்ல?"

"செய்யும்."

"அப்புறம் என்ன மாமா?"

அதுதான் வயிற்றைக் கலக்கியது. 5 வோல்ட்டில் 10 கிலோ ஓம் வழியே அரை மில்லி ஆம்பியர் போகும். 390 ஓம் வழியே ஏறத்தாழ 13 மில்லி ஆம்பியர். பட்டனை அமுக்கும்போதெல்லாம் 25 மடங்கு கரன்ட் வீணாகும், ஆனால் எதுவும் கருகாது. சி.எஸ்.எஸ்.ஸின் வாய் திறவாத குணம் ஷீட்டைத் தாண்டி சர்க்யூட்டுக்குள்ளும் இறங்கிவிட்டது. பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று எங்கோ ஒருவர் மண்டையை உடைத்துக்கொள்வார். அதற்குக் காரணம் யாரோ ஒருவன் ராத்திரியில் கண்ணைக் குத்துகிறதென்று எழுதிய ஒரு வரி என்று எந்த மீட்டர் வைத்துக் கண்டுபிடிப்பார்?

அன்றைக்கே படங்களுக்கு மட்டும் அந்த வரியிலிருந்து விலக்குக் கொடுத்தோம். பக்கம் இருண்டாலும் படம் வெள்ளையிலேயே நிற்கும். பார்க்க அசிங்கம்தான். அதோடு நிற்காமல் ஒவ்வொரு ரெசிஸ்டருக்குக் கீழும் 'பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு, 10 கிலோ ஓம்' என்று எழுத்தாலேயே தட்டிவைத்தேன். "இதெல்லாம் ரொம்ப ஓல்டு ஸ்டைல் மாமா" என்றான் பயல்.

கல்லூரி திறந்து போனவன், லேபுக்கு அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்திருக்கிறான். அதிலிருந்து ஹாஸ்டல் முழுக்க ஜெராக்ஸ் போயிருக்கிறது. பிரவுசர்கள் பொதுவாக அச்சில் பின்னணி நிறத்தை விட்டுவிடும், ஆகவே நான் தேர்ந்தெடுத்த பின்னணிகள் முதல் பிரிண்டிலேயே காலி. மிச்ச நிறங்களை ஜெராக்ஸ் மெஷின் பார்த்துக்கொண்டது. ரெசிஸ்டரின் எல்லாப் பட்டையும் ஒரே சாம்பல். கீழே தட்டிவைத்த அந்த ஓல்டு ஸ்டைல் வரியைப் படித்துத்தான் அத்தனை பேரும் சரியான ரெசிஸ்டரை எடுத்துப் போட்டார்களாம்.

ஒருவன் மட்டும் குறை சொன்னானாம். ஓரத்தில் கொஞ்சம் மார்ஜின் விட்டிருந்தால் குறிப்பெழுத வசதியாக இருந்திருக்குமாம். இத்தனை காலத்தில் என்னிடம் மார்ஜின் கேட்ட முதல் வாசகன்! அச்சுக்கென்று தனி ஸ்டைல் எழுத சி.எஸ்.எஸ்.ஸில் வழி இருக்கிறது. உடனே அக்கா மகனுக்குச் செய்தி அனுப்பினேன்: இடப்பக்கமா, வலப்பக்கமா, எத்தனை சென்டிமீட்டர், பஞ்ச் ஓட்டைக்கு இடம் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுச் சொல்.

"ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டுக்கறோம், விடுங்க மாமா" என்று பதில் வந்தது.