குமாஸ்தாவின் ஞாபக மறதி

சுன்னிலால் சௌகாரிடம் ஜகன்னாத் என்று ஒரு குமாஸ்தா. சௌகார் கடன்காரர்கள் மேல் டிக்ரி வாங்கினார். சொத்து கோர்ட் ஏலத்துக்கு வந்தது. முதலாளி தானே போய்க் கை தூக்குவாரா? குமாஸ்தாவை அனுப்பினார். ஏலம் எடுத்த குமாஸ்தா, 1945 நவம்பர் 25 அன்று, தனக்கு அதில் ஒரு பாத்தியதையும் இல்லை என்று முதலாளிக்கு விடுதலைப் பத்திரம் ரிஜிஸ்டர் செய்து கொடுத்தார். கடன்காரர்களும் பாக்கியை முழுசாகக் கட்டிவிட்டார்கள். சுபம் போட்டிருக்கலாம்.

ஆனால் குமாஸ்தாவுக்கு ஏலம் எடுத்தது மட்டும் ஞாபகம் இருந்தது, எழுதிக் கொடுத்தது மறந்துபோனது. அதே சொத்தில் பாகம் கேட்டு கடன்காரர்கள் மேல் கேஸ் போட்டு, முதல்நிலை டிக்ரியும் வாங்கிவிட்டார்! இறுதி டிக்ரிக்கு முன்னால்தான் பத்திரம் எதிர்த்தரப்புக்குத் தெரியவந்தது. மோசடி என்று கீழ்க்கோர்ட் கதவைச் சாத்தியது. குமாஸ்தா மெட்ராஸ் ஐகோர்ட்டுக்கு அப்பீல் போனார்.

அங்கே ஜெயித்தார். உண்மையான வழக்கோடு வந்து உண்மையான சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும் என்று வாதிக்குச் சட்டப்படி கடமை ஏதும் இல்லையாம். பத்திரம் ரிஜிஸ்டர் ஆனதுதானே, நகல் எடுத்து நீங்களே காட்டியிருக்கலாமே என்று எதிர்த்தரப்புக்கு உபதேசம் வேறு. மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் பர்ஸைப் பறிகொடுத்தவரிடம், பாக்கெட்டுக்குப் பட்டன் வைத்திருக்கலாமே என்று கேட்பதுபோல.

விஷயம் டெல்லிக்குப் போனது. 1993 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டின் குல்தீப் சிங், ஐகோர்ட் தீர்ப்பைக் கிழித்துத் தோரணம் கட்டினார். 1634-இல் செத்துப்போன இங்கிலாந்து நீதிபதி எட்வர்ட் கோக்கைத் துணைக்கு எழுப்பினார்: மோசடி எந்தத் தீர்ப்பையும் செல்லாததாக்கிவிடும். நிலம் அபகரிப்பவர், வரி ஏய்ப்பவர், பேங்க் கடனுக்கு டிமிக்கி கொடுப்பவர் எல்லாருக்கும் கோர்ட் வசதியான கருவியாகிவிட்டது என்று ஒரு பட்டியலும் போட்டார். பொய் சொல்லிக்கொண்டு கோர்ட்டுக்கு வராதே என்று சொல்ல நாட்டின் உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது, பாருங்கள்.

கோக்குக்குத் துணை இருந்தது. வழக்கின் தலைப்பிலேயே கடன்காரர் செங்கல்வராய நாயுடு ‘இறந்தவர், வாரிசுகள் மூலம்’, ஜகன்னாத்தும் ‘இறந்தவர், வாரிசுகள் மூலம்’. மாட்டுங்காவில் பகடி (மொத்தப் பணம் கொடுத்துப் பிடித்த பழைய வாடகை) வீட்டுக்காரர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. தாத்தா ஆரம்பித்த கேஸுக்கு ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் பேரன் தேதி வாங்கிவருவது அவர்களுக்குக் குலத்தொழில் மாதிரி.

ஜகன்னாத்தின் பெயர் மட்டும் இன்னும் கோர்ட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது. பொய்க் கேஸ் போட்டவரின் வக்கீல்கூட, எதிராளிதான் மோசடிக்காரன் என்று நிரூபிக்க இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து நீட்டுகிறார்.