முழங்காலில் கிறீஸ் தீர்ந்தவர்கள்

இந்த வாரமும் கேட்டாயிற்று: "வேறொன்றுமில்லை, முழங்காலில் கிறீஸ் தீர்ந்துபோச்சு." கண்டியில் விடாமல் இரண்டு நாள் மழை பெய்தால் போதும், கூட்ஷெட் பஸ் ஸ்டாண்டிலிருந்து கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வாசல் வரைக்கும் எல்லாருமே வைத்தியர்களாகிவிடுகிறோம். மண்டையோட்டின் மூட்டுகள் அசையாதவை; ஊர் அபிப்பிராயங்கள் குடியிருப்பதும் அங்கேதான். இந்தக் கிறீஸ் விவகாரத்தை முடித்துவிடலாம்.

நல்ல முழங்காலில் இருக்கும் திரவமே மொத்தம் 3, 4 மில்லிலீற்றர்தான். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு அதை இரவு பகலாகச் சுரக்கிறது, பழையதை உறிஞ்சிக்கொள்கிறது. சேர்விஸுக்கு விட வேண்டியதில்லை. வீங்கிய முழங்காலிலோ திரவம் கூடிவிடுகிறது. வைத்தியர் ஊசி போட்டு இழுத்தெடுப்பது அதைத்தான். ஆக, வற்றிவிட்டதென்று நாம் இரங்கும் வீங்கிய முழங்கால் உண்மையில் நிரம்பிக் கிடக்கிறது. தேய்வது எலும்பு முனைகளைப் போர்த்திய கசியிழையம். மூட்டுத் தேய்வில் அந்தத் திரவத்தின் கொழகொழப்பும் குறையத்தானே செய்கிறது என்பீர்கள். குறையும். நீர்த்துப்போவது வேறு, தீர்ந்துபோவது வேறு. தண்ணீர் கலந்த பால்காரனை யாரும் பாலே ஊற்றவில்லை என்று ஏசுவதில்லை. ஆனாலும் நிரப்பும் வேலை நிற்பதில்லை. பிண்டத் தைலத்தைத் தேய்க்கிறோம். தேய்க்கிற சூடு இதம்தான், அதற்காகத் தோலையும் மூட்டுறையையும் துளைத்துப் போய் அந்தத் தேக்கரண்டியில் சொட்டுமா? வெண்டிக்காய் தின்னச் சொல்கிறவர்கள் இன்னொரு கட்சி. வெண்டிக்காயின் வழவழப்புக்குத் தெரிந்த பாதை குடல். அங்கிருந்து முழங்காலுக்குக் குழாய் எதுவும் போடப்படவில்லை.

குளிர்தான் காரணம் என்கிற கட்சிக்கு ஒரே கேள்வி: அப்படியானால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஏன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறார்கள்? அதோடு, சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் நம் ஊரின் குளிரைக் குளிரென்று நுவரெலியாக்காரர் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார். சந்தேகிக்க வேண்டியது இறக்கத்தை. செயற்கை முழங்காலுக்குள்ளேயே அளவுமானி வைத்து பெர்லினில் அளந்து 2010இல் வெளியிட்டார்கள்: சமதரையில் நடக்கும்போது முழங்கால் தாங்குவது உடல் எடையைப் போல் ஏறக்குறைய 2.6 மடங்கு; படி ஏறும்போது 3.2, இறங்கும்போது 3.5. நாமோ பைரவகந்தைக்கு ஏற ஓட்டோ பிடிக்கிறோம், இறங்கும்போது "தேகப்பயிற்சிக்கு நல்லது" என்று நடக்கிறோம். வலி வந்தவர்களாவது இதைத் தலைகீழாக்க வேண்டும். அப்படியானால் மலைநாட்டில் எல்லாரும் நொண்டவேண்டுமே என்று கேட்கலாம். கசியிழையத்துக்கு இரத்தக்குழாய் கிடையாது. அழுத்தி விடும்போதுதான் திரவத்திலிருந்து அதற்குச் சாப்பாடு போகிறது. நடை அதற்கு எதிரியல்ல, ஏற்கெனவே நோகிற முழங்காலோடு இறக்கத்தில் தடதடவென்று ஓடுவதுதான் வம்பு. பள்ளத்துக்கு இறங்க எவன் காசு கொடுத்து ஓட்டோ பிடிப்பான் என்பது கடைசி ஆட்சேபம். ஏறும்போது மிச்சம் பிடித்த காசு கையில் இருக்கிறதே. ஏறுகையில் மூச்சு வாங்கினால் அது நெஞ்சின் கணக்கு; அதையும் முழங்காலின் தலையில் கட்டாதீர்கள்.