மஸ்கிக்கு என்ன நிறம் பிடிக்கும்?

மஸ்கி மீன் பிடிக்கக் கிளம்புகிறவர் முதலில் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும்: மஸ்கி கிடைக்காது. பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று வட அமெரிக்காவில் ஒரு கணக்குச் சொல்வார்கள். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர் யாரோ தெரியாது; மறுத்துப் பேசியவரைக் காணோம். ஆகவே லூருக்கு, அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரைக்கு, நிறம் தேர்ந்தெடுக்கும்போது மீனுக்கு எது பிடிக்கும் என்று மண்டையைக் குடைந்துகொள்ளாதீர்கள். வெறுங்கையோடு கரையேறும்போது எந்த நிறத்தின் மேல் பழியைப் போடலாம் என்று பாருங்கள். அந்தக் காரியத்துக்குப் பழுப்புத் தண்ணீர் மாதிரி வசதி வேறு எதிலும் இல்லை.

விஸ்கான்சின் மாநிலத்தில் ஹேவர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிப்பேவா நீர்த்தேக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1923-இல் அணை கட்டியதும் காடு, சதுப்பு, சின்ன ஏரிகள் எல்லாம் ஒன்றாக மூழ்கின. ஒஜிப்வே மக்களின் ஊர் ஒன்றும் அதோடு தண்ணீருக்கடியில் போயிற்று. இப்போது பதினைந்தாயிரம் ஏக்கர் பரப்பு. சதுப்பிலிருந்தும் மட்கும் இலைதழையிலிருந்தும் டானின் ஊறி இறங்க இறங்க, தண்ணீர் பால் விடாத டீயின் நிறத்துக்கு வந்துவிடுகிறது. மேலே மரங்களோடு மிதக்கும் சதுப்புத் திட்டுகள் வேறு, காற்றடித்த பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதில் ஒன்று பாலத்தடியில் போய் வழியை அடைத்துக்கொண்டால், ஊர்க்காரர்கள் படகுகளை வரிசையாக முட்டுக் கொடுத்துத் தள்ளிவிடுவார்கள். நேற்று மீன் இருந்த இடம் இன்று இடம் மாறிவிட்டது என்று இங்கே சத்தியம் பண்ணியே சொல்லலாம். நிறத்துக்குப் போவதற்கு முன்பே ஒரு காரணம் கைக்கு வந்துவிட்டது பாருங்கள்.

இனி விஞ்ஞானம். கொஞ்சம் படித்து வைத்துக்கொள்ளுங்கள், படகில் கூட வருகிறவரின் வாயை அடைக்க உதவும். தெளிந்த தண்ணீரில் முதலில் மறைவது சிவப்பு. ஆழம் போகப் போக நீலம்தான் நிற்கும். டானின் தண்ணீரில் எல்லாம் தலைகீழ். ஊதாவையும் நீலத்தையும் அது மேலேயே விழுங்கிவிடும். ஆரஞ்சும் சிவப்பும்தான் கொஞ்சமாவது கீழே போய்ச் சேரும். அங்கே நீல லூர் வீசினால் அது கறுப்பாகத்தான் தெரியும். நீலம் வாங்கி வந்த நண்பரைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். ஆனால் சத்தமாகச் சிரித்துவிடாதீர்கள், ஏனென்றால் இந்தத் தண்ணீரில் எல்லோரும் கைகாட்டும் நிறம் கறுப்புதான். கீழே கிடக்கும் மீன் அண்ணாந்து பார்க்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே அழுத்தமாகத் தெரிவது கறுப்பு நிழல். நண்பர் தெரியாமலே சரியான நிறத்தை வாங்கிவிட்டார்.

கறுப்பு மயிர்க்கொத்து, ஆரஞ்சுத் தகடு. இதுதான் பழுப்புத் தண்ணீருக்கு என்று காலங்காலமாகச் சொல்லிவரும் பக்டெயில் லூர். பத்தாம் நம்பர் தகடு இரண்டு சேர்ந்து சுழலும்போது அதிர்வு தூண்டில் கழி வழியாக மணிக்கட்டுக்கு வந்து தட்டும். மீன் அந்த அதிர்வை உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் வாங்கிக்கொள்கிறது. நடுராத்திரியில் மஸ்கி பிடிக்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் நிறத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள், இந்தக் கட்டுரைக்கு நல்லதில்லை.

அடுத்தது ஃபயர் டைகர் என்ற நிறச்சேர்க்கை. முதுகு பச்சை, பக்கமெல்லாம் எலுமிச்சை மஞ்சள், வயிறு ஆரஞ்சு, குறுக்கே கறுப்புப் பட்டை. பெர்ச் மீனைப் பார்த்து வரைந்ததாம். வரைந்தவர் கடையில் மிச்சமிருந்த பெயிண்ட் டப்பாவையெல்லாம் கவிழ்த்திருக்க வேண்டும். ஆனால் குறை சொல்லவும் முடியாது: ஒளிரும் சாயம் தன்மேல் விழும் வெளிச்சத்தை வாங்கி வேறு நிறமாகத் திருப்பி அனுப்பும், அதனால் மங்கலான தண்ணீரிலும் பளிச்சென்று நிற்கும். கடைக்குள்ளும் அதுதான் முதலில் கண்ணில் படும். முப்பது டாலரை எடுத்து நீட்டுகிறவர் கடைக்குள்தானே நிற்கிறார்.

தண்ணீர் எவ்வளவு பழுப்பு என்று அளக்க செக்கி வட்டு ஒன்று வாங்கி வையுங்கள். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கண்டுபிடித்த முறை. வட்டத் தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று குறித்துக்கொள்வது. அது உங்கள் கண்ணை அளக்கிறதே தவிர மீனின் கண்ணை அளப்பதில்லை. இருந்தாலும், "இன்று மூன்றடியில் மறைந்துவிட்டது, அதனால்தான் ஆரஞ்சு எடுபடவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், குறுக்குக் கேள்வி வராது.

பழுப்புத் தண்ணீரின் உண்மையான அருமை படகோரத்தில்தான் தெரியும். மஸ்கிக்கு ஒரு கெட்ட பழக்கம்: லூரைப் படகு வரை பின்தொடர்ந்து வந்து, முகர்ந்து பார்த்த மாதிரி நின்று, திரும்பிப் போய்விடும். தெளிந்த ஏரியில் இந்த அவமானத்தைப் படகில் இருக்கிற எல்லோரும் பார்ப்பார்கள். இங்கே அந்தப் பயமில்லை. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கழியின் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, லூரை விடாமல் பெரிய எட்டாகச் சுற்ற வேண்டும். வளைவில் அவசரம் கூடாது. தகட்டின் ஆரஞ்சு மினுக்கம் தெரியும், மங்கும், மறுபடி தெரியும். திடீரென்று அணைந்தால், ஆழத்துக்குப் போயிருக்கலாம். மீனின் வாய்க்குள்ளும் போயிருக்கலாம். ஒன்றுமே நடக்கவில்லையென்றால், பின்னாலேயே ஒரு ஐம்பது அங்குல மீன் வந்தது என்று வைத்துக்கொள்வதில் தடையில்லை. எந்த நிறமும் தோற்றதாக இங்கே நிரூபிக்க முடியாது.

சரித்திரத்தைத் துணைக்கு அழைக்கும்போது மட்டும் சற்றுக் கவனம். இதே நீர்த்தேக்கத்தில்தான் 1949 அக்டோபரில் லூயி ஸ்ப்ரே என்பவர் 69 பவுண்டு 11 அவுன்ஸ் மஸ்கியைப் பிடித்தார். அந்த மீன் சொன்ன அளவு இருந்ததா என்று பழைய புகைப்படங்களை வைத்து இன்றும் சண்டை ஓடுகிறது. உலக சாதனை என்று ஹேவர்டில் உள்ள மீன்பிடி அருங்காட்சியகம் சொல்கிறது, வேறு பட்டியலில் வேறொருவர் பெயர் இருக்கிறது. சண்டையில் நிறம் வரவே இல்லை. ஸ்ப்ரே கோத்துவிட்டது உயிருள்ள சக்கர் மீன்.

எல்லாவற்றையும் மீறி உங்களுக்கு ஒன்று மாட்டிவிட்டால் புதுச் சிக்கல். காலையிலிருந்து கறுப்பு, பிறகு ஃபயர் டைகர், பிறகு யாரோ சொன்னார் என்று வெள்ளை. வெள்ளை கட்டிய சற்று நேரத்தில் மீன். வழக்கம் என்னவென்றால், பெருமை முழுக்கக் கடைசி நிறத்துக்கு. வெயில் சாய்ந்தது, காற்று நின்றது, படகு ஒரு பாறைமேட்டுக்கு மேலே ஒதுங்கியது என்பதையெல்லாம் கணக்கில் சேர்த்தால் கதை நீண்டுவிடும். முள்ளை நறுக்கி மீனைச் சீக்கிரம் தண்ணீரில் விட்டுவிடுங்கள். கரையில் யார் கேட்டாலும் நிறத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள், வேண்டுமானால் லூரையே கையில் கொடுத்துக் காட்டுங்கள். பாறைமேடு எங்கே என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.