இறால் சைவமா?

கேள்வி: பண்ணை இறாலையே வாங்கி உண்டால் கடல் மீன்வளம் பிழைத்துவிடுமா? (வாசகர், அடையாறு)

பதில்: பிழைக்கலாம், இறால் சைவமாக மாறினால்! அதன் தீவனத்தில் சேரும் மீன்தூள், அதாவது சிறுமீன்களை உலர்த்தி அரைத்த பொடி, பெரும்பாலும் கடலிலிருந்தே வருவதால், பண்ணையின் பசியையும் கடலே ஆற்ற வேண்டியிருக்கிறது. 1987-இல் தொடங்கப்பட்டு, சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இயங்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், சந்தையில் எஞ்சும் தலை, குடல் முதலிய மீன்கழிவுகளிலிருந்து 'பிளாங்க்டன் பிளஸ்' என்னும் ஊட்டப்பொருளை உருவாக்கியுள்ளது. குளத்து நீரில் மிதந்து வாழும் நுண்ணிய உயிர்களாகிய மிதவையுயிரிகளை அது பெருக்க, அவற்றை இறால் மேய்வதால், தீவனத்தின் தேவையும் ஓரளவு குறைகிறது. மீன்கழிவு இவ்வாறு விலைபோவதைப் பட்டினப்பாக்கத்துக் காகங்கள் மட்டும் ஆட்சேபிக்கக்கூடும்.