கேபிள் இல்லாத வீட்டில் கிரிக்கெட்

கேள்வி: கேபிள் கிடையாது, மாதச் சந்தாவும் கட்டுவதில்லை. இந்தியா ஆடும் மேட்ச் வீட்டு டிவியில் தெரியுமா, ஸ்கோர் மட்டும்தானா?

பதில்: மேட்சே தெரியும், அதுவும் சட்டத்தின் தயவில். இந்திய ஆடவர் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள் தேசிய முக்கியத்துவம் உள்ளவையாக அரசால் அறிவிக்கப்பட்டவை. ஒளிபரப்பு உரிமையை எந்தத் தனியார் நிறுவனம் எத்தனை கோடிக்கு வாங்கியிருந்தாலும், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் விளம்பரங்களை நீக்கிய நேரலை சிக்னலைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். தூர்தர்ஷன் அதில் தன் விளம்பரங்களைச் சேர்த்து டிடி ஸ்போர்ட்ஸில் காட்டும். விளம்பர வருமானத்தில் குறைந்தது 75 சதவீதம் உரிமை வாங்கிய நிறுவனத்துக்குப் போய்விடும்.

இதைப் பிடிக்க வேண்டியது டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் தொடங்கிய அரசு டிடிஎச் இது. ஒரு டிஷ், ஒரு செட்-டாப் பாக்ஸ், கொஞ்சம் ஒயர், மாட்டிக் கொடுப்பவரின் கூலி ஆகியவற்றோடு செலவு முடிந்தது. மாதாமாதம் ரீசார்ஜ் இல்லை. பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 வகையாகக் கேட்டு வாங்குவது நல்லது. பழைய எம்பெக்-2 பாக்ஸில் வராத சேனல்களும் அதில் வரும்.

மாட்டும் இடத்தில்தான் கவனம் தேவை. ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. சென்னை மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு வானத்தில், தலைக்கு மேல் நல்ல உயரத்தில் இருக்கும். அந்தத் திசையில் தென்னை மட்டையோ தண்ணீர் டேங்கோ குறுக்கே வந்தால் சிக்னல் போய்விடும். காற்றில் டிஷ் துளி அசைந்தாலும் அதே கதிதான் என்பதால், மாடிச் சுவரில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கனமழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் பாக்ஸைத் தட்ட வேண்டாம். இந்தச் சேனல்கள் வரும் கேயூ பேண்ட் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிவிடுகின்றன; மழை விட்டதும் தானே சரியாகும்.

கேள்வி: டிடி ஸ்போர்ட்ஸ் கேபிளிலும் வருகிறதே. ஊரே மேட்ச் பார்க்கும்போது அதில் மட்டும் ஏன் பழைய நிகழ்ச்சி ஓடுகிறது?

பதில்: 2017 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு காரணம். கட்டாயமாகப் பகிரப்படும் சிக்னலைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் சொந்த டிடிஎச்சிலும் மட்டுமே காட்டலாம். கேபிளுக்கும் தனியார் டிடிஎச்சுக்கும் அது போகக் கூடாது. ஆகவே மாதாமாதம் பணம் கட்டும் வீட்டு டிடி ஸ்போர்ட்ஸில் வராத மேட்ச், கட்டணமே இல்லாத ஃப்ரீ டிஷ் வீட்டில் வரும்.

கேள்வி: கிரிக்கெட்டுக்காக ஒரு சட்டமா? அவ்வளவு தூரம் எப்படிப் போனது?

பதில்: தொடக்கம் 1993 ஹீரோ கோப்பை. அதன் ஒளிபரப்பை வங்காளக் கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க, தூர்தர்ஷனும் அரசும் எதிர்க்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அலைவரிசை பொதுமக்கள் சொத்து, அதில் அரசின் ஏகபோகமும் கூடாது, தனியாரின் ஏகபோகமும் கூடாது என்று 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. தூர்தர்ஷனின் தனியாட்சியை முடித்துவைத்த தீர்ப்பு அது. ஆனால் பொதுச்சொத்து என்ற அந்தக் கருத்துதான் பின்னாளில் பணம் கட்ட முடியாத வீட்டுக்கும் மேட்ச் போக வேண்டும் என்ற வாதத்துக்கும், அதன் வழியே 2007 சட்டத்துக்கும் வலு சேர்த்தது. நாட்டின் பெயரில் ஆடும் அணியை நாட்டு மக்கள் காசில்லாமல் பார்ப்பது நியாயமான உரிமை. கடைக்கோடி கிராமம் வரை அந்த உரிமை இருப்பது இன்னும் பலருக்குத் தெரியாததுதான் வருத்தம்.

கேள்வி: அப்படியானால் ஐபிஎல்லும் இலவசம்தானே?

பதில்: இல்லை. அதில் ஆடுவது இந்திய அணி அல்ல, கிளப் அணிகள். சட்டத்தின் பட்டியலில் ஐபிஎல் கிடையாது. 2023 முதல் 2027 வரையிலான உரிமை ஏலத்தில் இந்திய டிவி உரிமை 23,575 கோடிக்கும், இந்திய டிஜிட்டல் உரிமை 23,758 கோடிக்கும் போயின. மொபைல் டிவியை முந்திய ஏலம் அது. 2023-இல் ஜியோ சினிமா செயலி ஐபிஎல்லை இலவசமாகவே காட்டியது. 2025 பிப்ரவரியில் அது ஹாட்ஸ்டாருடன் இணைந்து ஜியோ ஹாட்ஸ்டார் ஆனது, சந்தாவும் வந்தது. சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் கட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதே சிக்கனம். கட்டுமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: விலை குறைந்த மொபைல் திட்டம் டிவியில் ஓடாது. ஒரே ஒரு பந்தயம்தான் வேண்டும் என்பவருக்கு ஃபேன்கோடு போன்ற செயலிகளில் தனிப் பாஸ் உண்டு. ஃபார்முலா 1 பந்தயம் 2024 முதல் அங்கேதான் வருகிறது.

கேள்வி: பக்கத்து வீட்டில் “அவுட்” என்று கத்தி முடித்து, காபியும் குடித்தாகிவிட்டது. இங்கே மொபைலில் பவுலர் இப்போதுதான் ஓடி வருகிறார். ஏன்?

பதில்: செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும், சிக்னல் மேலே போய்க் கீழே வரக் கால் நொடிதான் ஆகிறது. இணையத்தில் தூரம் பிரச்சினையே இல்லை, வெட்டி அனுப்பும் முறைதான் தாமதத்துக்குக் காரணம். ஆட்டம் சில நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சுருக்கப்பட்டு, பல ஊர் சர்வர்களில் ஏற்றப்படுகிறது. துண்டு ஒன்றுக்கு 6 நொடி என்பது பரவலான அளவு. இடையில் நிற்காமல் ஓட வேண்டும் என்று செயலி இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வைத்த பிறகுதான் படத்தைக் காட்டத் தொடங்குகிறது. அதிலேயே 12 முதல் 18 நொடி போய்விட்டது. நடுவே ஒருமுறை சுற்றிச் சுற்றி நின்றால் அந்த நேரமும் கூடும். அப்போது திரையில் உள்ள ‘லைவ்’ பொத்தானைத் தட்டினால் கொஞ்சம் மீளலாம். டிவிக்கு வைஃபைக்குப் பதில் லேன் கேபிள் கொடுத்தால் தடங்கல் குறையும். ஸ்கோர் செயலியின் நோட்டிஃபிகேஷனையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவையும் மேட்ச் முடியும் வரை ஊமையாக்குவது அவசியம். பக்கத்து வீட்டை ஊமையாக்க வழியில்லை.

கேள்வி: தினம் 2 ஜிபி டேட்டா ஒரு மேட்சுக்குக் காணுமா?

பதில்: தரத்தைப் பொறுத்தது. நொடிக்கு 5 மெகாபிட் இழுக்கும் முழு எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டேகால் ஜிபி ஆகும். முதல் இன்னிங்ஸ் முடியுமுன் டேட்டா தீரும். மொபைல் திரைக்கு 480பி தாராளம். பெரிய டிவியில் பார்க்கும் வீட்டுக்கு பிராட்பேண்ட்தான் சரி.

கேள்வி: டெலிகிராமில் இலவச லிங்க் வருகிறதே?

பதில்: தொடக்கூடாது. ஒளிபரப்பின் மீதான உரிமையைக் பதிப்புரிமைச் சட்டம் 25 ஆண்டுகளுக்குப் பாதுகாக்கிறது. அந்த லிங்க் காட்டுவது திருடிய ஒளிபரப்பு. லிங்க்கைத் தட்டினால் சூதாட்ட விளம்பரமும் வைரஸும் சேர்ந்தே வரலாம். வீட்டுச் சந்தாவை வைத்துத் தெருவில் திரை கட்டி டிக்கெட் போடுவதும் அதே சட்டத்தில் தவறு.

கேள்வி: கிரிக்கெட் பிடிக்காத ஜீவன்களுக்கு?

பதில்: அவர்களுக்குத்தான் யோகம். மாமல்லபுரத்தில் 2022-இல் நடந்த செஸ் ஒலிம்பியாட் யூடியூபில் இலவசமாக ஓடியது. 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆன 14-ஆவது ஆட்டமும் அப்படித்தான். செஸ்ஸில் இன்னொரு வசதி: நகர்த்தல்களை யாரும் பூட்டி வைக்க முடியாது. 2016-இல் நியூயார்க்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின்போது, நகர்த்தல்களை மற்ற தளங்கள் வெளியிடத் தடை கேட்ட அமைப்பாளருக்கு அமெரிக்க நீதிமன்றம் தடை தரவில்லை. ஆகவே படம் வராவிட்டாலும், எந்தக் காய் எங்கே போனது என்பதை உடனுக்குடன் காட்டும் இலவசத் தளங்கள் உண்டு. வீட்டில் ஒரு பலகையை விரித்து வைத்தால், அதே காய்களை அங்கே நகர்த்திக்கொண்டே ஆட்டத்தைத் தொடரலாம்.